குரோனோகிராஃப் வாங்க முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. எயார் ரைஃபிள் பழகும் பிள்ளைகளின் வாப்பா, உம்மாமாரும், பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காசு சேர்க்கும் பழைய மாணவர்களும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். மற்றவர்கள் வாசித்தாலும் நட்டமில்லை.

கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்: "சேர், லீவுக்கு வாறேன். நம்மட ரைஃபிள் டீமுக்கு குரோனோகிராஃப் ஒன்டு எடுத்துட்டு வரலாம்னு நாங்க நாலஞ்சு பேர் கதைச்சு வெச்சிருக்கம். எது நல்லம்?"

நல்ல மனசு. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அவருக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்தான். ஆனால் காசு போடப் போவது பலர், பாவிக்கப் போவது நம் பிள்ளைகள். ஆகவே எல்லோருக்கும் தெரியும்படி இங்கேயே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 மீற்றர் எயார் ரைஃபிள் சுடும் ஒரு பாடசாலைக் குழுவுக்கு 600 டொலர் ராடர் கருவி தேவையில்லை. ஒளி உணரி வைத்த சாதாரணக் கருவி ஒன்று போதும். மிச்சக் காசுக்குப் பெலட் வாங்குங்கள். கருவி காட்டும் எண்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் மீதிப் பதிவு.

முதலில் பெயர். கைக்கடிகாரக் கடையில் குரோனோகிராஃப் என்று விற்பது வேறு சாமான். இங்கே நாம் பேசுவது துப்பாக்கியிலிருந்து வெளியேறும் சன்னத்தின் வேகத்தை அளக்கும் கருவி. எயார் ரைஃபிள் என்றால் சன்னத்துக்குப் பதில் 4.5 மில்லிமீற்றர் ஈயப் பெலட். அடிப்படை, தரம் 9 பிள்ளைக்கும் தெரிந்த சமன்பாடுதான்: தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். சிக்கல் என்னவென்றால் அந்த நேரம் மிகச் சிறியது. செக்கனுக்கு 170 மீற்றர் வேகத்தில் போகும் பெலட் 30 சென்ரிமீற்றரைக் கடக்க 1.8 மில்லிசெக்கன்தான் எடுக்கும். கண் இமைக்கும் நேரம் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல்.

இலத்திரனியல் வருவதற்கு முன்பே மனிதன் இதை அளந்துவிட்டான். 1742இல் ஆங்கிலேயர் பெஞ்சமின் ரொபின்ஸ் ஒரு நூல் வெளியிட்டார். தொங்கவிட்ட கனமான கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, உந்தக் காப்பிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளே, கடந்தகால வினாத்தாள்களில் நீங்கள் திட்டிக்கொண்டே செய்யும் "நூலில் தொங்கும் கட்டையில் சன்னம் பதிகிறது" கணக்கு இதுதான். 1860களில் பெல்ஜியத்து இராணுவ அதிகாரி லெ பூலொஞ்சே இன்னொரு வழி கண்டார். குண்டு இரண்டு கம்பித் திரைகளை அடுத்தடுத்து அறுக்கும். அந்த இடைவெளியில் ஒரு கோல் எவ்வளவு தூரம் விழுந்தது என்பதை வைத்து நேரத்தைக் கணிப்பார். புவியீர்ப்பையே மணிக்கூடாகப் பாவித்திருக்கிறார் மனிதர். இன்று நாம் வாங்கும் ஒளி உணரிக் கருவியும் அதே இரண்டு திரை யோசனைதான். கம்பி இருந்த இடத்தில் ஒளி இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி முக்கியமான கேள்வி. குறிபார்த்துச் சுடுகிறவருக்கு வேகத்தை ஏன் அளக்க வேண்டும்?

பலர் நினைப்பது, வேகம் கூடினால் ரைஃபிள் நல்லது என்று. பிள்ளைகளும் அப்படித்தான் கதைக்கிறார்கள், "அவன்ட ரைஃபிள் கூடப் போகும்" என்று. இந்த விளையாட்டில் அந்தப் பெருமைக்கு இடமில்லை. போட்டி எயார் ரைஃபிள்களை வேண்டுமென்றே செக்கனுக்கு 170 மீற்றர் அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அரைக் கிராம் அளவான பெலட், ஏறத்தாழ ஏழரை யூல் சக்தி. கடதாசியில் சுத்தமாக ஒரு துளை போட அது போதும்.

கணக்கைப் பாருங்கள். 10 மீற்றர் ஓட்டத்தில் சராசரி வேகம் 170 என்றால் பெலட் இலக்கை அடைய 0.0588 செக்கன். அந்த நேரத்தில் புவியீர்ப்பால் அது 17 மில்லிமீற்றர் கீழே விழும். வேகம் 165 என்றால் 18 மில்லிமீற்றர். ஆக, 5 மீற்றர் வேக வித்தியாசம் இலக்கில் 1 மில்லிமீற்றர் உயர வித்தியாசம். தசமப் புள்ளி முறையில் ஒரு சூட்டுக்கு அதிகபட்சம் 10.9. அதில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கால் மில்லிமீற்றர். ஆகவே 1 மில்லிமீற்றர் என்பது 0.4 புள்ளி.

இப்போது கவனியுங்கள். ரைஃபிள் எப்போதும் ஒரே சீராக 165இல் சுட்டால் பிரச்சினையே இல்லை. பார்வைக் குறியை இரண்டு சொடுக்கு மேலே திருப்பினால் அந்த 1 மில்லிமீற்றர் போய்விடும். ஒரு சூடு 170, அடுத்தது 163, அதற்கடுத்தது 168 என்று மாறினால்தான் தொல்லை. அதை எந்தக் குறியாலும் திருத்த முடியாது.

அதனால் குறிபார்த்துச் சுடுகிறவருக்கு வேண்டியது இரண்டு எண்கள்: இடை, நியம விலகல். அதிலும் இரண்டாவதுதான் முக்கியம். கருவி காட்டும் இடை ஒரு மீற்றர் கூடவோ குறையவோ இருந்தால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. சூட்டுக்குச் சூடு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சரியாகக் காட்டினால் போதும். சாதாரணக் கருவி போதும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. பயிற்சியின் கடைசி இருபது சூட்டில் ஒரு பிள்ளையின் துளைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன. நாம் என்ன சொல்வோம்? "களைச்சுப் போயிட்டாய், கவனம் இல்லை, மூச்சைப் பிடி" என்போம். சில வேளை அது உண்மை. சில வேளை சிலிண்டரில் காற்றழுத்தம் இறங்கி, பெலட்டின் வேகம் சரியத் தொடங்கியிருக்கும். ரைஃபிளின் குற்றத்துக்குப் பிள்ளை ஏச்சு வாங்குகிறது. தன் கையில் பிழை என்று நம்பி, நன்றாக இருந்த நிலையையும் மாற்றிக் கெடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு குரோனோகிராஃப் இருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரியும். ஒரு பாடசாலைக் குழுவில் இந்தக் கருவிக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

சரி, சந்தையில் என்ன இருக்கிறது?

ஒன்று, ஒளி உணரி வகை. ஒரு பெட்டியில் முன்னும் பின்னும் இரண்டு உணரிகள். பெலட் மேலே கடக்கும்போது விழும் நிழலை உணர்ந்து நேரத்தை எண்ணும். கோல்ட்வெல், புரோகுரோனோ என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த வகை. 100 முதல் 150 டொலர் அளவில் வாங்கலாம். குறைகளும் உண்டு. வெளிச்சம் சரியில்லாவிட்டால் எண் வராது, அல்லது பிழையாக வரும். மண்டபத்துக்குள் டியூப் லைட்டின் கீழே இது அடிக்கடி முரண்டு பிடிக்கும், ஏனென்றால் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு செக்கனுக்கு 100 தரம் மினுங்குகிறது. உள்ளரங்கில் பாவிக்க, செந்நிறக்கீழ் ஒளி விளக்குத் தொகுதியோடு வரும் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். உணரிகளின் இடைவெளி 30 சென்ரிமீற்றர் என்றால், அதில் 1 மில்லிமீற்றர் பிசகுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் வேகப் பிசகு வரும். பெட்டியை 5 பாகை சரித்து வைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டுமே எல்லாச் சூட்டுக்கும் ஒரேமாதிரிப் பிசகு, நியம விலகலைக் கெடுக்காது. பெட்டியை ஒரு தரம் நேராக வைத்துவிட்டு, கடைசிச் சூடு வரை அசைக்காமல் இருந்தால் சரி.

இரண்டு, குழலில் கட்டும் வகை. மெக்னெற்றோஸ்பீட் என்பது இதில் பெயர் பெற்றது. கத்தி போல ஒரு தகடு குழலுக்குக் கீழே நிற்கும். உலோகச் சன்னம் கடப்பதைக் காந்தப்புல மாற்றத்தால் உணரும். வெளிச்சத் தொல்லை இல்லை. ஆனால் குழலில் பாரம் ஏறுவதால் சூடு விழும் இடம் மாறும். வேகத்தையும் குழுமத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இது பெரிய ரைஃபிள்காரர்களுக்கான சாமான். ஈயப் பெலட் சுடும் நமக்குப் பொருத்தமில்லை.

மூன்று, டொப்ளர் ராடர் வகை. லாப்ராடர், அதற்குப் பிறகு 2023இல் வந்த கார்மின் ஸீரோ சீ1. ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், பெலட்டைத் தொடர்ந்து பார்த்து அளக்கும். எதிரே வரும் அம்புலன்ஸின் சத்தம் நம்மைக் கடக்கும்போது மாறுகிறதே, அதே தத்துவம், வானொலி அலையில். 24 கிகா ஹேர்ட்ஸ் அலை, 170 மீற்றர் வேகத்தில் விலகும் பெலட்டில் பட்டுத் திரும்பும்போது ஏறத்தாழ 27 கிலோ ஹேர்ட்ஸ் மாறும். அந்த மாற்றத்தை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். கார்மினின் அமெரிக்க விலை 600 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 180,000 ரூபா.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மூன்றிலும் பாவிக்க இலகுவானது ராடர்தான். வெளிச்சம் பார்க்கத் தேவையில்லை. தவறிச் சுட்டு உடைக்கவும் முடியாது. எல்லாவற்றையும் விட, கருவியைச் சரிபார்க்க யாரும் சுடும் கோட்டுக்கு முன்னால் போக வேண்டியதில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இது சின்ன விடயம் இல்லை. ராடர் வாங்கலாம் என்று வாதிடும் நண்பர்களின் வலுவான வாதமும் இதுதான், அதை நான் மதிக்கிறேன்.

50 மீற்றரில் .22 ரைஃபிள் சுடும் கழகம் என்றால் நானே ராடருக்குக் கை உயர்த்துவேன். அங்கே சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் அளவில் கிளம்பும். 50 மீற்றரில் 10 மீற்றர் வேக வித்தியாசம் கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர் உயர வித்தியாசமாகிவிடும். அந்த இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான். எந்தத் தொகுதி ரவை தங்கள் ரைஃபிளுக்கு ஒத்துப்போகிறது என்று அவர்கள் நாள் முழுக்கச் சோதிப்பார்கள். நம் பிள்ளைகள் சுடுவது 10 மீற்றரில். மாதத்துக்கு ஒரு தரம், ஒரு ரைஃபிளுக்கு இருபது சூடு பார்த்தால் போதும். அதற்கு 180,000 ரூபா அதிகம். பாதுகாப்புக் கவலைக்குக் காசு செலவில்லாத வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ராடர் வானொலி அலை அனுப்பும் கருவி. அப்படியானவற்றை நாட்டுக்குள் கொண்டு வரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பார்க்க வேண்டும். எந்த வகையைக் கொண்டு வந்தாலும், இது விளையாட்டுக்கான அளவைக் கருவி என்று பாடசாலை அதிபரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். பெட்டியில் "புலட்" என்ற சொல் அச்சடித்திருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும். கேட்பது அவர்களின் கடமை. பதிலோடு போவது நம் கடமை.

வாங்கிய கருவி சரியாக அளக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதற்குச் சந்தைக்குப் போகத் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடமும் ஒரு போனும் போதும்.

போனைச் சுடுபவரின் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். முதல் சத்தம் ரைஃபிள். இரண்டாவது சத்தம் பெலட் இலக்குத் தகட்டில் படுவது. பதிவைக் கணினியில் ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் இரண்டு கூர் முனைகளும் தெளிவாகத் தெரியும். போன் செக்கனுக்கு 44,000 தரத்துக்கு மேல் ஒலியை மாதிரி எடுக்கிறது, ஆகவே நேரத்தை மில்லிசெக்கனின் சிறு பின்னம் வரை வாசிக்கலாம். 10 மீற்றரில் இடைவெளி 87 மில்லிசெக்கன் அளவில் வரும். அதில் இரண்டாவது சத்தம் திரும்பி வர எடுத்த நேரத்தைக் கழிக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கும் 343ஐப் போடாதீர்கள், அது 20 பாகை வெப்பநிலைக்கு. நம் ஊர்ப் பகலில் 30 பாகை என்றால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். அதை மறந்தால் பெலட்டின் வேகத்தில் ஒன்றரை மீற்றர் பிசகும். வருவது 10 மீற்றர் ஓட்டத்தின் சராசரி வேகம். தட்டைத் தலைப் பெலட் காற்றில் விரைவாக வேகம் இழப்பதால், கருவி குழல் வாயில் காட்டும் எண் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ரொபின்ஸின் ஊசலையே செய்து பார்க்கக் கொடுக்கலாம், ஆசிரியர் மேற்பார்வையில். களிமண் நிரப்பிய டப்பா, எல்லாம் சேர்த்து 500 கிராம், 1 மீற்றர் நூல். 0.53 கிராம் பெலட் 170இல் பதிந்தால் டப்பா மேலே எழுவது 1.7 மில்லிமீற்றர் கூட வராது, அதை அளப்பது கஷ்டம். பக்கவாட்டில் நகர்வதோ 57 மில்லிமீற்றர். ஒரு கடதாசித் துண்டைத் தள்ளும்படி வைத்தால் அடிமட்டத்தால் அளந்துவிடலாம். வெறும் மரக்கட்டையில் சுட வேண்டாம், பெலட் தெறித்து வரும். களிமண்தான். முந்நூறு வருடத்துக்குக் கிட்டிய பரிசோதனை ஒன்றைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு உந்தக் காப்பு விதியை மனப்பாடம் செய்யத் தேவை வராது.

அடுத்தது, எத்தனை சூடு அளப்பது? யூடியூபில் மூன்று சூடு, ஐந்து சூடு சுட்டுவிட்டு "இந்தப் பெலட் மிகச் சீரானது" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஐந்து சூட்டில் நியம விலகல் 2 என்று வந்தால், உண்மையான பெறுமானம் 1.2இலிருந்து 5.7 வரை எங்கேயும் இருக்கலாம், அதுவும் 95 சதவீத நம்பிக்கையில். இருபது சூடு பார்த்தால் அதே 2, 1.5க்கும் 2.9க்கும் இடையில் வரும். ஐந்து சூட்டை வைத்து இரண்டு பெலட் டப்பாக்களை ஒப்பிடுவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். வீட்டுச் செலவுக்காரருக்கும் இது பொருந்தும்: ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துக் கருவி வாங்கிவிட்டு, இருபது பெலட் செலவழிக்கக் கை கூசினால் கருவி வாங்கியதில் பலனில்லை.

அளவை என்று வந்தால் ஒரு முஸ்லிமுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அளவையில் மோசடி செய்கிறவர்களின் பெயரிலேயே அல்குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது, அல் முதஃப்பிஃபீன். நாம் அதைத் தராசுக்கும் அரிசிக் கடைக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறோம். இருபது எண்ணில் பிடிக்காத இரண்டை "அது பிழையா வந்தது" என்று காரணமில்லாமல் அழித்துவிட்டு மற்றதைக் காட்டுவதும் அளவையில் கை வைப்பதுதான். பிள்ளைகளுக்கு இந்தக் கருவியால் வேறு ஒன்றும் கிடைக்காவிட்டாலும், வந்த எண்ணை வந்தபடி எழுதும் பழக்கம் வந்தால் எனக்குப் போதும். நாளைக்கு அவர்கள் வைத்தியராகவோ கணக்காளராகவோ மேசனாகவோ போகும்போது அது கூடவே வரும்.

இனிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நம் சமூகத்தில் பிள்ளைகள் ரைஃபிள் பழகுவது சாதாரணமாகப் பார்க்கப்படும் விடயமல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, குசினியில் இருந்த கத்திக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த நாட்களை நாம் கடந்து வந்தோம். "இந்த வேலை நமக்குத் தேவையா சேர்?" என்று கேட்ட பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் பதில், தேவை என்பதுதான். இது ஒலிம்பிக் விளையாட்டு. 1994இல் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் இந்த நாட்டுக்குத் தங்கம் கொண்டு வந்தது எயார் ரைஃபிளில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல சுட்டதும் இதே 10 மீற்றர் எயார் ரைஃபிளில். உயரமோ உடல் பலமோ தீர்மானிக்காத விளையாட்டு இது. முழு உடையோடும் ஹிஜாபோடும் ஒரு பெண்பிள்ளை எந்தச் சங்கடமும் இல்லாமல் போட்டியிடலாம். அம்பெய்தலைப் பழகச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்குக் குறிபார்த்தல் அந்நியமும் இல்லை. மற்றச் சமூகத்துப் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்று, ஒரே கட்டளைக்குக் காத்திருந்து, சுட்டு முடிந்ததும் கை கொடுத்து வரும் இடமும் அது. அந்த இடத்தை நாம் இழக்கக் கூடாது.

இழக்காமல் இருக்க வேண்டுமென்றால் நம் நடத்தை சரியாக இருக்க வேண்டும். கருவி வந்த முதல் வாரமே "எங்கட ரைஃபிள் இவ்வளவு போகுது பாருங்க" என்று வீடியோ போட்டால், பார்க்கிறவர் அதை விளையாட்டாகப் பார்க்க மாட்டார். இலக்கு அட்டையின் படத்தைப் போடுங்கள். பதக்கத்தின் படத்தைப் போடுங்கள். வேகத்தைக் கொப்பியில் வையுங்கள். போட்டியில் வேகத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை, பிறகு அதை ஊருக்குச் சொல்லி என்ன பயன்?

பாதுகாப்பு பற்றி, மேலே சொன்னபடி. ஒளி உணரிப் பெட்டியைக் குழலுக்கு முன்னால் வைக்க வேண்டியிருப்பதால் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: எல்லா ரைஃபிளும் திறந்து, வெறுமையாக, மேசையில். ஒருவரும் ரைஃபிளில் கை வைக்கக் கூடாது. பொறுப்பாசிரியர் ஒருவர் மட்டும் முன்னால் போய்ப் பெட்டியைச் சரிசெய்வார். அவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அடுத்தது. இலக்கம் வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் தானாக எழுந்து முன்னால் போகக் கூடாது. பெட்டி, குழலிலிருந்து அரை மீற்றர் போதும். கண்ணாடி கட்டாயம். பெலட் ஈயம் என்பதால் பயிற்சி முடிந்ததும் கை கழுவாமல் ஒரு பிள்ளையும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

காசு எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், வரிசை இதுதான்.

முதலில் சிலிண்டர். காற்றுச் சிலிண்டர்களில் தயாரித்த திகதி பொறித்திருக்கும். பொதுவாகத் தயாரிப்பாளர்கள் 10 வருடத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள். 200 பார் அழுத்தம் உள்ள பொருள் அது, பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பது. திகதி கடந்தது ஒன்றாவது இருந்தால் அதை மாற்றிய பிறகுதான் மற்றப் பேச்சு.

இரண்டாவது பெலட். ஒரு போட்டிக்கு 60 சூடு. 500 பெலட் உள்ள டப்பா எட்டுப் போட்டியோடு முடிந்துவிடும், பார்வை சரிசெய்யும் சூடுகளைச் சேர்த்தால் அதுகூட வராது. பெலட் இல்லை என்று பயிற்சி நிற்கும் குழுவுக்குக் குரோனோகிராஃப் எதற்கு?

மூன்றாவது, செந்நிறக்கீழ் விளக்கோடு வரும் ஒளி உணரிக் கருவி ஒன்று.

நான்காவது, 200 பக்கக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனிப் பக்கங்கள். திகதி, வெப்பநிலை, சிலிண்டர் அழுத்தம், பெலட்டின் பெயர், இருபது எண்கள், இடை, நியம விலகல். ஆறு மாதம் எழுதிய பிறகு அந்தக் கொப்பி எந்த ராடரும் சொல்லாததைச் சொல்லும்: எந்த ரைஃபிள் கிழடாகிறது, எதன் ரப்பர் வளையம் கசிகிறது, எந்த அழுத்தத்துக்குக் கீழே போக விடக் கூடாது என்று.

இதற்கும் பிறகு காசு மிஞ்சினால், போட்டிக்கு வேனில் போகக் காசில்லாமல் பின்வாங்கும் பிள்ளைகளைக் கணக்கில் எடுங்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். வந்து கேட்டால் பொறுப்பாசிரியர் சொல்வார்.

கட்டார் தம்பிக்கு: ஜசாகல்லாஹு ஹைரா. பெட்டியை எடுக்க முன் மாதிரியின் பெயரை எனக்கு அனுப்புங்கள், உள்ளரங்கில் வேலை செய்யுமா என்று பார்த்துச் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் ராடர்தான் வாங்க வேண்டும் என்று நின்றால் அதையும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் சிலிண்டர் திகதியையும் பெலட் டப்பாவையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக இந்த விளையாட்டில் அனுபவம் உள்ளவர்கள், கீழே எழுதுங்கள். கணக்கில் ஏதும் பிழை கண்டால் என் மாணவர்கள் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.